ஒழுகும் கூரையும் பிரிக்கப்படாத பாகமும்



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் வாளிகளும் சட்டிகளும் அடுப்படியை விட்டு வெளியே வரும். கூடத்தில் ஒன்று, நடையில் ஒன்று, வயதான உம்மா படுத்திருக்கும் கட்டிலின் தலைமாட்டில் ஒன்று. எந்த இடத்தில் சொட்டும், எத்தனை நாழிகையில் வாளி நிறையும் என்பதெல்லாம் அந்த வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். அதே நேரத்தில் அந்த வீட்டின் வாரிசுகள் துபாயிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் ஒழுகாத கூரைகளின் கீழ் அமர்ந்து, "ஊர்ல நல்ல மழையாமே, அல்ஹம்துலில்லாஹ்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வறுமையால் ஒழுகும் கூரையைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அதற்கு ஜகாத்தும் ஸதகாவும் இருக்கின்றன. அவை போய்ச் சேருகின்றனவா என்பது தனியாகப் பேசவேண்டிய செய்தி. வசதி இருந்தும் ஒழுகும் கூரையே நம் பேச்சு. ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் கைநிறையச் சம்பாதிக்கும் குடும்பத்தின் தாய்வீட்டில் அரசங்கன்று கைப்பிடிச் சுவரைப் பிளந்துகொண்டு ஆளுயரம் வளர்ந்து நிற்கிறதே, அது எப்படி என்பதே நம் கேள்வி. உப்புக்காற்றைப் பழி சொல்வது எளிது. உப்புக்காற்று பாதிக் காரணம்தான். வாப்பா மவ்த்தாகிப் பத்தாண்டுகள் ஆன பிறகும் பாகத்தை நிர்ணயிக்காமல், 'எல்லாருக்கும் சொந்தமான வீடு' என்ற அழகான பெயரில் அதை யாருக்குமே சொந்தமில்லாத வீடாக ஆக்கி வைத்திருக்கிறோமே, அதுதான் மறுபாதி.

இதைப் பிறரைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதையே இதுதான்.

எங்கள் வாப்பா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உம்மாவையும், ஆண்மக்கள் இருவரையும், பெண்மக்கள் மூவரையும் விட்டுச் சென்றார்கள். எங்களில் ஒருவர் வளைகுடாவில், ஒருவர் சென்னையில், இருவர் புகுந்த வீடுகளில். நடு லாத்தாவும் மச்சானும் மட்டும் உம்மாவுடன் அந்த வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். உம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறது என்று நாங்கள் நால்வரும் நிம்மதியடைந்தோம். அந்த நிம்மதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க எங்களுக்கு ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

சென்ற கார்த்திகையில் ஒருநாள் பின்னிரவு, உம்மா தஹஜ்ஜுத் தொழுகைக்காக ஒளுச் செய்ய எழுந்து முற்றத்துக்குப் போன நேரத்தில், அவர்கள் அறையின் மேல்தளத்திலிருந்து ஒரு முழ அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து கட்டில்மீது விழுந்தது. தலையணை இருந்த இடத்தில் விழுந்தது. லாத்தா படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்தப் படத்துக்கு அன்றைக்கு எங்கள் குழுவில் வந்த மறுமொழிகள் எல்லாம் 'மாஷா அல்லாஹ், உம்மாவை அல்லாஹ் காப்பாத்திட்டான்' என்பதாகவே இருந்தன. உண்மைதான், அவனே காப்பாற்றினான். ஆனால் அந்தத் தளத்தில் நான்கு ஆண்டுகளாக விரிசல் இருந்தது. அந்த விரிசலின் படத்தையும் லாத்தா அனுப்பியிருந்தார். அதை நாங்கள் அனைவருமே பார்த்திருந்தோம்.

ஒரு வீடு எப்படிச் சாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரே மழையில் எந்த வீடும் இடிந்துவிடுவதில்லை. கடலோரத்தில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை உப்பும் ஈரமும் மெல்லச் சென்றடைகின்றன. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைக் கேட்கும். உள்ளே இடமில்லாததால் மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. முதலில் மயிரிழைபோல் ஒரு கோடு, பிறகு அந்தக் கோட்டின் ஓரத்தில் பழுப்புக் கறை, பிறகு தட்டினால் பொள்ளென்று ஒரு ஓசை, கடைசியில் பெயர்ந்து விழுதல். கோடு தெரியும் நாளிலேயே பெயர்ந்த பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருவைப் போக்கி, துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, நல்ல கலவையால் மூடினால் சில ஆயிரங்களில் முடிகிற வேலை. நான்கு ஆண்டுகள் காத்திருந்தால் தளத்தையே பிரிக்கவேண்டி வரும்.

இது வாப்பா 1991இல் வளைகுடாப் பணத்தில் எடுத்த அறையின் கதை. அதற்கு முந்தைய பழைய கூடத்தின் கதை வேறு. அதில் எங்கள் குற்றம் இன்னும் நேரடியானது. அந்தக் கூடத்தின் கூரை, கொத்தனார்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திவைத்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்த கூரை. பாட்டனார் காலத்தில் போட்டது. சுண்ணாம்பு சுவாசிக்கும், உள்ளே போன ஈரத்தைத் திரும்ப வெளியே விட்டுவிடும். ஆண்டுக்கொருமுறை தட்டோட்டு இடுக்குகளை அடைத்து, மழைநீர் போகும் தூம்புவாயைச் சுத்தம் செய்து, முளைத்த கன்றுகளை வேரோடு எடுத்துவிட்டால் போதும், அது நம் பேரப்பிள்ளைகளையும் தாங்கும்.

வாப்பா உயிரோடிருந்தவரை ஆவணி பிறந்ததும் அதைத்தான் செய்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே மேலே ஏறுவார்கள். அவர்கள் மறைந்த இரண்டாம் ஆண்டில் கூடம் ஒழுகியபோது நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? தொலைபேசியிலேயே ஓர் ஆளைப் பிடித்து, தளம் முழுவதும் சிமெண்டுப் பூச்சுப் போடச் சொல்லிப் பணம் அனுப்பினோம். சுவர்களுக்கும் சிமெண்டு பூசி, மேலே பளபளக்கும் பெயிண்டும் அடிக்கச் சொன்னோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேட எங்களில் ஒருவருக்கும் நேரமில்லை. யாருடைய வீடு என்று தெரியாத வீட்டுக்கு யார் நேரம் ஒதுக்குவார்? சிமெண்டுக்குப் பின்னால் ஈரம் சிறைப்பட்டது. உப்புப் பூத்தது. இரண்டே மழைக்காலத்தில் சுவர்ப்பூச்சு பாளம்பாளமாகக் கழன்றது. உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் மரம் உளுத்துவிட்டது. செலவழிக்காமல் கெட்டது ஒரு பக்கம் என்றால், பொறுப்பில்லாமல் செலவழித்துக் கெடுத்தது மறுபக்கம்.

இத்தனைக்கும் நடுவில், வாப்பாவின் நினைவுநாளுக்கு ஆண்டுதோறும் முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுவந்தோம். அந்தச் சாப்பாடு கூடுமா கூடாதா என்னும் சர்ச்சைக்குள் நாம் இப்போது நுழையவில்லை. அதற்கென்றே ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கூடும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் சேர்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: எந்த வாப்பாவின் பெயரால் சஹன் சஹனாகப் பரிமாறினோமோ, அந்த வாப்பாவின் துணைவியார் அன்றைய இரவு படுத்திருந்த அறையின் மேல்தளம் எந்த நிலையில் இருந்தது?

பாகம் என்ற சொல்லை எடுத்தாலே நம் குடும்பங்களில் ஒரு பதற்றம் பரவுகிறது. "உம்மா ஹயாத்தா இருக்கும்போதே பாகமா? சனம் என்ன பேசும்?" என்று முதலில் கேட்பவர் பெரும்பாலும் வீட்டுக்கு மூத்தவராக இருப்பார். இந்தக் கேள்வி மரியாதையைப்போல் தோன்றுகிறது. ஆனால் மார்க்கத்தில் இதற்கு இடமே இல்லை. வாரிசுரிமை, ஒருவர் மரணிக்கும் கணத்திலேயே நிலைபெற்றுவிடுகிறது. அடக்கச் செலவும், கடனும், வஸிய்யத்தும் போக மீதமுள்ளதில் யாருக்கு எவ்வளவு என்பதை அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ்வே பின்னங்களாகப் பிரித்துச் சொல்லிவிட்டான். விட்டுச்சென்றது குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் ஆண்களுக்கும் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு என்று அதே அத்தியாயம் முன்னரே அறிவித்துவிட்டது. தொழுகையின் ரக்அத்துகளைக்கூட நபி (ஸல்) அவர்களின் செயலிலிருந்தே நாம் அறிகிறோம்; வாரிசுப் பங்குகளையோ குர்ஆனிலேயே எண்ணாக வாசிக்கிறோம். அவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்றை, உம்மா மவ்த்தாகும்வரை ஒத்திவைக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? உம்மாவும் ஒரு வாரிசு. அவர்கள் பங்கையும் சேர்த்தல்லவா முடக்கி வைத்திருக்கிறோம்!

'ஒற்றுமை போய்விடும்' என்பது அடுத்த மறுப்பு. பங்கை நிர்ணயிப்பது வேறு, வீட்டைத் துண்டாடுவது வேறு. கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பச் சொல்லவில்லை. யாருடைய பங்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, அதன் பிறகும் வீட்டைச் சேர்ந்தே வைத்துக்கொள்ளலாம்; பெருநாளுக்குச் சேர்ந்தே கூடலாம். எழுதாமல் விட்ட வீடுகளில்தான் ஒற்றுமை எத்தனை ஆண்டு தாங்கியது என்பதைப் பார்த்துவருகிறோமே. பட்டா இறந்தவர் பெயரில். வீட்டு வரி ரசீது இறந்தவர் பெயரில். பழுதுபார்க்க வங்கியில் கடன் கேட்டால் அதைக் கேட்கும் தகுதி யாருக்கும் இல்லை. வாரிசுகளில் ஒருவர் மரணித்தால் அவருடைய பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் பிரிகிறது. எங்கள் வாப்பாவின் பூர்விக வீட்டுக்கு ஒருகாலத்தில் நான்கு வாரிசுகள். இன்று இருபத்து மூன்று பேர். அவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அந்த வீட்டின் கூரை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே விழுந்துவிட்டது. பூட்டு மட்டும் பத்திரமாகத் தொங்குகிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது நெடுங்கால வழக்கம். அங்கே சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு புதிய வீடு எழும்ப வேண்டும் என்பதற்காகவே வாப்பாவும் காக்காமாரும் கடல் கடந்து உழைத்து ஓடாகிறார்கள். புது வீட்டின் சலவைக்கல்லுக்குக் கொட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் பழைய தாய்வீட்டின் உத்திரத்தை மாற்றிவிடலாம். ஆனால் உத்திரம் யார் கண்ணுக்கும் தெரியாது. சலவைக்கல் கல்யாணத்துக்கு வருகிற அனைவர் கண்ணிலும் படும்.

மார்க்கம் படித்த சிலர் நம்மிடம் வேறொரு வாதத்தை வைக்கிறார்கள். கட்டடங்களில் பணத்தைப் போடுவதே நல்லதில்லையே, ஹதீஸ்களில் கண்டிக்கப்பட்டிருக்கிறதே என்கிறார்கள். கண்டிக்கப்பட்டிருப்பது உண்மை. மண்ணில் போடும் செலவுக்கு நற்கூலி இல்லை என்ற கருத்தில் கப்பாப் (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. ஒருவர் எழுப்பிய குவிமாடத்தை நபி (ஸல்) அவர்கள் விரும்பாததும், அவர் அதை இடித்துத் தரைமட்டமாக்கியதும், தவிர்க்கமுடியாத தேவைக்கானது மட்டும் அந்தக் கண்டனத்திலிருந்து விலக்கப்பட்டதும் அபூதாவூதில் இருக்கின்றன. இவை தேவைக்கு மிஞ்சிய கட்டடத்தைப் பற்றியவை என்றே அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். அப்படியானால் இந்த ஹதீஸ்கள் யார்மீது பாய்கின்றன? மூன்றாம் மாடிக்குக் கண்ணாடி முகப்பு வைப்பவர்மீதா, தாய் படுக்கும் அறையின் விரிசலை அடைப்பவர்மீதா?

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் தாயாருடன் சேர்ந்து தம் வீட்டுச் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்ற நிகழ்ச்சியும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பழுதுபார்க்கிறோம் என்று அவர் சொன்னார். மரணம் இதைவிட விரைவாக வந்துவிடும் என்ற பொருளில் நபியவர்கள் நினைவூட்டிச் சென்றார்கள். இந்த நிகழ்ச்சியைச் சொல்லி, 'பாருங்கள், வீட்டைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்' என்று உபதேசிப்பவர்களை ஜும்ஆ மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். நாம் அதில் வேறொன்றைப் பார்க்கிறோம். பூச்சுக்கரண்டியைக் கீழே போடு என்று நபியவர்கள் சொன்னதாக அந்த அறிவிப்பில் இல்லை. மரணம் விரைவானது என்பதுதான் நினைவூட்டல். மரணம் விரைவானது என்று நம்புகிறவர் கணக்கைத் தள்ளிப்போடுவாரா? இன்னொன்றும் உண்டு: அந்த மகன் தாயைச் சுவரோரம் விட்டுவிட்டு வேறு ஊரிலிருந்து பணம் அனுப்பவில்லை. தாயும் மகனும் சேர்ந்து, கையில் மண்ணோடு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அல்கஹ்ஃபு ஓதும் வழக்கமுள்ள சமுதாயம் நாம். மூஸா (அலை) அவர்களுடன் சென்ற அந்த நல்லடியார், தங்களுக்கு உணவளிக்க மறுத்த ஊரில் சாயவிருந்த ஒரு சுவரை நிமிர்த்திக் கட்டியதை வாரந்தோறும் ஓதுகிறோம். கூலி வாங்கியிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்கிறார்கள். அந்தச் சுவர் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது, அதன் கீழே அவர்களுக்குரிய புதையல் இருக்கிறது, அவர்களின் தந்தை நல்லவராக இருந்தார் என்று பின்னர் விளக்கம் வருகிறது. இந்தச் சம்பவத்தில் ஞானம், விதி, மறைவான அறிவு என்று எத்தனையோ பேசுகிறோம். அது வாரிசுச் சொத்தின் பராமரிப்பைப் பற்றிய சம்பவமும்கூட என்பதை ஏனோ பேசுவதில்லை. இறந்துபோன ஒரு தகப்பனாரின் சுவர் அது. உரியவர்கள் கையில் உரியது போய்ச்சேரும்வரை அது விழுந்துவிடக்கூடாது என்பதற்காக, உறவே இல்லாத ஒருவர், கூலியே இல்லாமல், பசியோடு கட்டினார். சொந்தத் தகப்பனாரின் சுவருக்கு, வயிறு நிறைந்த நாம், "யாராவது பாருங்கப்பா" என்று எழுதுகிறோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கில்லாமல் இந்தப் பேச்சு வெறும் பயானாகவே முடியும்.

மனைவி, ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் மூவர். வாப்பாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியுள்ள எட்டில் ஏழை, ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றுமாக ஏழு கூறாக்கினால், ஒவ்வொரு மகளுக்கும் எட்டில் ஒன்று, ஒவ்வொரு மகனுக்கும் எட்டில் இரண்டு. மத்ரஸாவில் ஃபராயிள் படித்த எந்த ஆலிமும் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் போட்டுத் தரும் கணக்கு. எங்கள் ஊர் ஹஜ்ரத்தும் அப்படித்தான் போட்டுத் தந்தார்கள். அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட காலம்தான் ஒன்பது ஆண்டுகள்.

பங்கு தெரிந்துவிட்டால் பழுதுச் செலவும் தெரிந்துவிடுகிறது. ஆதாயம் யாருக்கோ சுமையும் அவருக்கே என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. உஸ்மானியர் காலத்தில் 1869க்கும் 1876க்கும் இடையில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத்தொகுப்பும் அதைத் தன் பொதுவிதிகளில் வைத்திருக்கிறது. எங்கள் வீட்டின் வேலைக்கு நான்கு லட்சம் ஆகும் என்றார் மேஸ்திரி. உம்மாவுக்கு 50,000, சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் 50,000, சகோதரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம். வருமானமில்லாத தாயின் இருப்பிடம் வசதியுள்ள பிள்ளைகளின் பொறுப்பு என்பதால் உம்மாவின் பங்கை ஆண்மக்கள் இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆணுக்கு இரட்டைப் பங்கு என்னும் வசனத்தை மேற்கோள் காட்டுவதில் நம் ஆண்கள் சளைத்ததில்லை. மேஸ்திரியின் மதிப்பீட்டுத் தாளிலும் அந்த இரட்டை பொருந்தும் என்பதைத்தான் எளிதில் மறந்துவிடுகிறோம்.

கடினமான இடம் இதற்குப் பிறகு வந்தது. லாத்தாவிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் அந்த வீட்டுக்கு அவர் செய்த செலவுகள் தேதிவாரியாக எழுதப்பட்டிருந்தன. முற்றத்து ஓடு மாற்றியது, கிணற்று மோட்டார், அறுந்துபோன மின்கம்பி, கரையான் மருந்து, கழிவுநீர்த் தொட்டியின் மூடி. கூட்டினால் 1,12,000 ரூபாய். அவர் அதை எங்களிடம் நீட்டவில்லை. உம்மாதான் அலமாரியிலிருந்து எடுத்துவந்து வைத்தார்கள்.

எங்களில் ஒருவர் உடனே, "லாத்தா அங்கேயே வாடகை இல்லாம இருக்காங்கல்ல, அதுக்கு இது சரியாப் போச்சு" என்றார். இன்னொருவர் கொஞ்சம் படித்தவர். பங்காளிகளின் அனுமதியின்றிச் செலவு செய்தவர் அதைத் திருப்பிக் கேட்கமுடியாது, அது அவர் தாமாகச் செய்த உபகாரம் என்று கிதாபில் இருப்பதாகச் சொன்னார். இருக்கிறதுதான். மஜல்லாவிலும் அப்படி இருக்கிறது. ஆனால் அனுமதியுடன் செலவழித்தால் மற்றவர்களின் பங்கைக் கேட்டுப் பெறலாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் லாத்தா தொலைபேசியில் அழைத்தபோது நாங்கள் என்ன சொன்னோம்? "செஞ்சுடுங்க லாத்தா, பிறகு பாத்துக்கலாம்" என்றோம். அது அனுமதி இல்லையென்றால் வேறு எது அனுமதி? அந்தப் 'பிறகு' ஒன்பது ஆண்டுகளாக வரவில்லை, அவ்வளவுதான்.

வாடகை வாதத்திலும் நியாயத்தின் ஒரு துளி உண்டு, அதை மறுக்கமாட்டோம். குடியிருப்பவருக்கும் கடமை இருக்கிறது. குழாய், விளக்கு, வெள்ளையடிப்பு, சாக்கடை அடைப்பு என்று புழங்குவதால் தேய்வதைப் புழங்குகிறவர் பார்த்துக்கொள்வதே முறை. கூரை, உத்திரம், சுவர், தளம் ஆகியவை புழங்காமல் பூட்டிவைத்தாலும் கெடும்; அவை உடைமையாளர்கள் அனைவரின் கணக்கு. ஆனால் குடியிருந்ததற்கு வாடகை பேசுகிறவர், ஒன்பது ஆண்டுகள் உம்மாவுக்கு மருந்து கொடுத்ததற்கும், இரவில் எழுந்ததற்கும், மருத்துவமனை வரிசையில் நின்றதற்கும் என்ன தொகை போடுவார்? அந்தப் பக்கத்தைத் திறந்தால் கடன்பட்டவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே நாங்கள் அதைத் திறக்கவில்லை. நோட்டிலிருந்த தொகையை மட்டும் எட்டாகப் பிரித்தோம். ஒரு கூறு 14,000. லாத்தாவின் சொந்தப் பங்கு போக 98,000 அவருக்கு வரவேண்டியிருந்தது. கொடுத்தோம். வாங்கமாட்டேன் என்று அழுதார். இது ஸதகா அல்ல லாத்தா, உங்கள் ஹக் என்று உம்மா சொன்ன பிறகே வாங்கிக்கொண்டார்.

பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தோம். பங்குகளை எழுதிப் பாகப்பத்திரம் பதிவு செய்தோம். ஒரு சகோதரி தம் பங்கை விட்டுக்கொடுக்க முன்வந்தார். அவரை உடனே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட விடவில்லை. நம் ஊர்களில் பெண்கள் 'விட்டுக்கொடுப்பது' பல நேரங்களில் காக்காமாரின் முகத்தைப் பார்த்துச் செய்வதாக இருக்கிறது. பங்கு எவ்வளவு, இன்றைய விலையில் அது எத்தனை ரூபாய் என்று சொல்லாமல் பெறப்படும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல நமக்கு நாக்கு கூசவேண்டும். முதலில் உங்கள் பெயரில் எழுதப்படட்டும், ஓராண்டு கழித்து மனம் அப்படியே இருந்தால் பார்க்கலாம் என்றோம். அவரும் அமைதியாகிவிட்டார். அந்த அமைதி எங்களுக்குப் பல செய்திகளைச் சொன்னது.

அண்டை வீட்டுச் சுவரைப் பற்றியும் ஒரு சொல். நம் தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர் என்பது சாதாரணம். நம் வீட்டுத் தூம்பு அடைத்துக்கொண்டால் அடுத்த வீட்டு அடுப்படிச் சுவர் ஊறுகிறது. அண்டைவீட்டார் தம் மரக்கட்டையை நம் சுவரில் ஊன்றுவதைத் தடுக்கவேண்டாம் என்ற ஹதீஸை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, மக்கள் முகம் திருப்புவதைக் கண்டு கடிந்துகொண்டார்கள். அவ்வளவு உரிமை அண்டைவீட்டாருக்கு இருக்க, நாம் பூட்டிப்போட்ட வீட்டின் ஈரத்தை அவர்கள் சுவருக்குள் விடுகிறோம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா நான்கு ஆண்டுகளாக அதைச் சகித்தார்கள். அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். "வாப்பா இருந்தா ஒரு மழைக்கு விட்டிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தேநீர் கொடுத்தார்கள்.

இதை எழுதும் இந்த நேரத்தில் ஆவணி முடிய இன்னும் சில நாள்கள் இருக்கின்றன. சுண்ணாம்பு காய்வதற்கு வெயில் வேண்டும். புரட்டாசி கடந்துவிட்டால் தளத்தில் கை வைக்கமுடியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர் ஒருவர் பக்கத்து ஊரில் கிடைத்திருக்கிறார். தொட்டியில் சுண்ணாம்பு நீற்றுப் போட்டாகிவிட்டது, கடுக்காய் ஊறுகிறது. பழைய தட்டோடுகளை உடையாமல் எடுத்து அடுக்கியிருக்கிறோம். கூலியை அன்றன்று மாலையே கொடுத்துவிடவேண்டும், வியர்வை காய்வதற்குள் கொடுக்கச் சொல்லப்பட்டிருக்கிறது என்று உம்மா உத்தரவிட்டிருக்கிறார்கள். அதற்காகவே வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் ஒருவர் வந்திருக்கிறார். லாத்தாவின் நோட்டு இப்போது கூடத்து மேசையில், எல்லாரும் எழுதும்படி, ஒரு பேனாவுடன் திறந்து கிடக்கிறது. நேற்றைய பக்கத்தில் உம்மா தம் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: கொத்தனாருக்கு மோர், பத்து ரூபாய், என் கணக்கு.